புதுக் குஞ்சுகள் ஒத்துப்போன விதம்

கண்ணா, இதை மெதுவாகப் படி. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கு மலையாளம் எழுத வராது. மட்டாஞ்சேரியில் இத்தனை வருஷம் இருந்தும் பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு மேல் நான் கற்றுக்கொள்ளவில்லை. ஆக, கஷ்டப்பட்டாவது நீதான் படித்தாக வேண்டும். படித்து முடித்ததும் ஸ்வாதிக்கு இந்தியிலோ இங்கிலீஷிலோ முழுசாகச் சொல்லிவிடு. உன் அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நடுவில் எதையும் விழுங்கிவிடாதே. முக்கியமாக என்னைப் பற்றி வருகிற இடத்தை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, காக்கநாட்டு ஆபீசுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நீ, ஸ்வாதி, குழந்தை மூன்று பேரும் புனேயைக் காலி பண்ணிக்கொண்டு வந்துவிடுகிறோம், மாடியைச் சுத்தம் பண்ணி வையுங்கள் என்றாய். அப்பா ஸ்பீக்கரில் போட்டு, "வாடா மோனே, வா. நம்ம வீடு கிடக்கும்போ வாடகை எதுக்கு?" என்றார். உன் அத்தை, "மேலே ஃபேன் சத்தம் போடுது, ஆளை விட்டுப் பாக்கணும்" என்று அப்போதே கிளம்பிவிட்டாள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நீ அதைக் கவனித்துவிட்டாய். "என்னம்மா, உனக்குச் சந்தோஷம் இல்லையா?" என்றாய். கரண்ட் போய்விட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வாங்கி அணைத்தேன். கரண்டும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. போனில் கரண்டுக்கு என்ன வேலை என்று நீயும் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் நீ ஒன்று சொன்னாய். "நீ அனுப்பின வீடியோ பாத்தோம்மா. கோழிங்களே ஒத்துப்போயிடுச்சு. நாம ஒத்துப்போக மாட்டோமா?" பக்கத்தில் குழந்தை இஷா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த வீடியோவை நம்பித்தான் நீ வீட்டைக் காலி பண்ணுகிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் அந்தக் கோழிகள் எப்படி ஒத்துப்போயின என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்கப்போவதை இப்போதே கேட்டுவிடுகிறேன். இஷாவை இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வராதே.

கிறிஸ்துமஸ் லீவில் நீங்கள் வந்த மறுநாள் அவளைக் கொச்சங்காடி முக்குக்குக் கூட்டிப்போனேன். கோழிக்குஞ்சு விற்கிற சேட்டன் ஸ்கூட்டரின் பின்னால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு அங்கேதான் நிற்பான். நானாக இருந்தால் முட்டைக்கு நல்லது எது என்று கேட்டு ஒரே ஜாதியில் ஐந்து வாங்கியிருப்பேன். அவள் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக் கூடாது என்று தேடித்தேடி எடுத்தாள். நாக்குவரை கறுத்த கருங்கோழி ஒன்று. கழுத்தில் ஒரு முடிகூட இல்லாதது ஒன்று. தவிட்டு நிறத்தில் ஒன்று, புள்ளி போட்டது ஒன்று. கடைசியாக, கண்ணை மறைத்துக்கொண்டு தலையெல்லாம் வெள்ளை முடியாக இருந்த சில்க்கி. அதற்கு அங்கேயே ரூயி என்று பெயரும் வைத்துவிட்டாள். இந்தியில் பஞ்சாம். எல்லாம் கோழி ஆவதற்கு இன்னும் நாள் கிடக்கிற, இறகு முளைக்கத் தொடங்கிய குஞ்சுகள்.

காசை வாங்கிக்கொண்டு அந்தச் சேட்டன் சொன்னதை நான் மறக்கவில்லை. "சேச்சி, ஒரு மாசம் இதுங்களைப் பழைய கோழிகூட விடண்டா. இடையில நெட் கெட்டிக்கோ. ரெண்டும் கண்டு கண்டு பழகட்டே. அந்த வெள்ளை பாவமாக்கும். முடி கண்ணை மறைக்கும், கொத்த வர்றது அதுக்குத் தெரியாது." நானும் தலையை ஆட்டினேன். மனசுக்குள், உடுமலைப்பேட்டையில் நான் பார்க்காத கோழியா, இவன் எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

உடுமலையில் எங்கள் வீட்டில் புதுக்கோழி வந்தால் உரலைச் சுற்றி மூன்று சுற்று சுற்றிக் கீழே விடுவோம். அப்புறம் அது வீட்டுக் கோழி. எங்கே மேயப் போனாலும் சாயங்காலம் திரும்பி வந்துவிடும். இந்த வீட்டிலும் உரல் இருந்தது. அதை ஒருநாள் உன் அப்பா யூதத் தெரு ஜூ டவுனில் பழஞ்சாமான் கடைக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இப்போது அதில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டு வாசலில் வைத்திருக்கிறான். வெள்ளைக்காரர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். உரலுக்கு நான் எங்கே போவேன்? கிரைண்டரை மூலையிலிருந்து அடுக்களை நடுவுக்கு இழுத்துப்போட்டேன். அதுவும் அரைக்கிற கல்தானே. இஷா ஒவ்வொரு குஞ்சாக இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சுற்றினாள். எதற்கு என்று கேட்டாள். இப்படிச் சுற்றினால் அது நம் வீட்டோடது ஆகிவிடும், எங்கேயும் போகாது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். அப்பா எட்டிப்பார்த்து, "கிரைண்டரைச் சுத்தினா கோழி மாவாயிடும்டீ" என்று சிரித்துவிட்டுப் போனார். சுற்றி விட்டாயிற்று, இனி என்ன நெட், என்ன கம்பி என்று அன்று சாயங்காலமே ஐந்தையும் பழைய கோழிகளோடு ஒரே கூட்டில் அடைத்தேன். கோழி வீட்டை விட்டுப் போகாமல் இருக்கத்தான் அந்தச் சுற்று. வீட்டில் இருக்கிற கோழிகள் அதை இருக்கவிடுமா என்பதற்கு எங்கள் ஊரில் சுற்று எதுவும் கிடையாது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

காலையில் கூட்டைத் திறந்தபோது நீயும் இருந்தாய். ரூயியின் தலையில் வெள்ளையே இல்லை, எல்லாம் சிவப்பு. மத்தியானம்வரை இஷாவின் மடியில் கிடந்துவிட்டுச் செத்துப்போனது. பப்பாளி மரத்தடியில் நீ குழி தோண்டினாய். "வேற வாங்கித் தரேன் குட்டி" என்றார் அப்பா. அவள் எங்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எவ்வளவு தைரியம் பார் என்று அத்தைகூட மெச்சினாள். மாடியில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே அழுதாள் என்று ஸ்வாதி எனக்கு அப்புறம் சொன்னாள். ஏழு வயசுக் குழந்தை கண்ணா. வந்து இரண்டு நாளில் இந்த வீட்டில் எங்கே அழலாம், எங்கே அழக்கூடாது என்று தெரிந்துவைத்திருந்தாள்.

யார் கொத்தியது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நம் கோழிகளில் பெரியவள்தான் ராஜாத்தி, அவளாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மிச்சம் நான்கு குஞ்சையும் முற்றத்தில் விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெரியவள் ஆளுக்கு ஒரு கொத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான், தன் தீனியைப் பார்க்கப் போய்விட்டாள். விடாமல் துரத்தியது சொட்டை. சொட்டையை உனக்குத் தெரியுமே, மற்றக் கோழிகள் எல்லாம் கொத்திக்கொத்தி முதுகில் இறகே இல்லாமல் போனவள். எல்லோரும் தின்று முடித்த பிறகு மிச்சத்தைப் பொறுக்குகிறவள். பாவம் என்று நான் தனியாக அரிசி போட்டு வளர்த்தவள். அவள்தான் அந்தக் குஞ்சுகளைக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓட ஓட விரட்டினாள். மேலே இருக்கிறவளுக்குப் பயம் இல்லை. கடைசியில் இருக்கிறவளுக்குத்தான் தன் இடம் போய்விடுமோ என்ற பயம். இத்தனை வருஷம் கோழி வளர்த்தும் இதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் நெட் கட்டினேன். விருச்சிகத்தில், அதாவது நம் கார்த்திகையில், வருகிற கடலேற்றம் இந்தத் தடவை மார்கழியிலும் விடவில்லை, கடல் தண்ணீர் ஓடை வழியாகக் கொல்லையில் ஏறிக்கொண்டிருந்தது. மேடான பக்கத்தைப் பழைய கோழிகளுக்கு வைத்துவிட்டு ஓடைப் பக்கத்து ஈரத்தைப் புதுசுகளுக்கு விட்டேன். நீங்கள் புனே போய் ஒரு மாசம் கழித்து நெட்டை அவிழ்த்தேன். கொஞ்ச நாள் கொத்தும் ஓட்டமுமாக இருந்தது. பிறகு நின்றுவிட்டது. அப்போதுதான் அந்த வீடியோ எடுத்தேன். இஷா பார்க்க வேண்டும் என்று வழக்கத்தைவிட இரண்டு பங்கு தீனியை விசிறிவிட்டு எடுத்தேன். ஒன்பதும் ஒன்றாக நின்று தின்றன. நீ பார்த்தது அந்தக் கொஞ்ச நேரம்.

மற்ற நேரத்தை நான் பார்க்கிறேன். பழைய கோழிகள் தின்று முடிக்கும்வரை நான்கும் சுவர் ஓரமாக நிற்கின்றன. கருங்கோழி இப்போது சொட்டையைவிட ஒரு சுற்று பெரிசு. ஆனால் சொட்டை தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் தாகத்தோடு திரும்பிப் போய்விடுகிறது. சாயங்காலம் எல்லாம் கூட்டுக்குள் ஏறிய பிறகுதான் நான்கும் ஏறுகின்றன. கதவோரம் சாரல் அடிக்கிற கீழ்க் கம்பில் நெருக்கி உட்கார்ந்துகொள்கின்றன. மேலே இடம் காலியாகக் கிடக்கிறது. கொத்து நின்றது பழசுகள் மனம் மாறியதால் இல்லை கண்ணா. எங்கே நிற்கக் கூடாது என்று புதுசுகள் படித்துக்கொண்டுவிட்டன. இதைத்தான் நாம் ஒத்துப்போயிடுச்சு என்கிறோம்.

கோழி வேறு, குழந்தை வேறு என்பாய். சரி, குழந்தையைப் பற்றியே சொல்கிறேன். இந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அத்தை தினமும் முதல் தோசையை அவளுக்குத்தான் போட்டாள், விருந்தாளிக்கு எடுக்கிற பூப்போட்ட தட்டில். நீங்கள் இருந்த அத்தனை நாளும் அதே தட்டுதான். நம் எவர்சில்வர் தட்டு ஒருநாளும் அவளுக்கு வரவில்லை. அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குட்டி, அந்தக் குட்டி, அவ்வளவுதான். போனில் யாராவது கேட்டால், "மோனும் மருமகளும் வந்திருக்காங்க" என்பார். அவள் ஸ்வாதியின் முறிந்துபோன முதல் கல்யாணத்துக் குழந்தை என்பதை மறைக்க அப்படிச் சொன்னாரா, அந்தக் குழந்தை கணக்கிலேயே இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால், "நான் என்ன குறை வெச்சேன்?" என்பார். ஒரு குறையும் வைக்கவில்லைதான். யாராவது ஒரு அதட்டுப் போட்டிருந்தால் நீ எழுந்து சண்டை போட்டிருப்பாய். சண்டை போட இங்கே ஒன்றுமே இல்லை.

கிளம்புகிற அன்று வாசலில் எல்லோரும் நின்று போட்டோ எடுக்கலாம் என்று அப்பா கூப்பிட்டார். அப்பா, அத்தை, நான், நீ, ஸ்வாதி. இஷாவும் ஓடி வந்தாள். வந்தவள் நம் பக்கத்தில் நிற்கவில்லை. யாரும் சொல்லாமலே எதிரே போய் நின்று, உன்னிடம் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். "மைன் எடுக்கறேன்" என்று, நான் என்பதை மட்டும் இந்தியில் வைத்துச் சொன்னாள். "பாரும்மா, எவ்வளவு சமர்த்து!" என்று நீ சிரித்தாய். அந்தப் படத்தை இன்னும் உன் போனின் முகப்பில் வைத்திருக்கிறாய். அதில் அவள் இல்லை என்று உனக்கு ஒருநாளாவது தோன்றியதா?

இனிமேல்தான் என்னைப் பற்றி. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது என் பேச்சைக் கேட்டு உன் அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் "ஏனுங்க" என்றால் தெருவே கேட்கும்படி "ஏனுங்க, ஏனுங்க" என்பாள். கப்பையை நான் மரவள்ளிக்கிழங்கு என்று சொன்னதை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகினேன். இன்றைக்கும் அப்படித்தான் சாப்பிடுகிறேன், நீ கவனித்திருக்க மாட்டாய். வருஷம் திரும்பியபோது உன் தாத்தா, "உடுமலைக்காரி நல்லா ஒத்துப்போயிட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார். நான் அதைப் பெரிய மெடல் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டேன்.

கிரைண்டரைச் சுற்றிய அன்று நீ பார்க்காதது ஒன்று உண்டு. கடைசிக் குஞ்சையும் சுற்றிக் கீழே விட்டபோது அடுக்களையில் நானும் அத்தையும்தான் இருந்தோம். கிரைண்டரை மூலைக்குத் தள்ளப் போனேன். இஷா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கையில் ஒன்றும் இல்லாமல் அவள் மட்டும் தனியாக அதைச் சுற்ற ஆரம்பித்தாள். காலையில் நான் சொல்லிக்கொடுத்த தமிழில், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணினாள். மூன்றாவது சுற்று முடிந்ததும் நின்று என் முகத்தைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. வா என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். தலையில் கை வைத்தால்கூடப் போதும். நான், "அது கோழிக்கு மட்டும்தான்டி" என்றேன். அத்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அத்தை சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை மாசமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். நீங்கள் இருந்த நாட்களில் அத்தை என் சமையலைக் குறை சொல்லவில்லை. அப்பா என்னை அதட்டவில்லை. அவர்களுக்குப் பார்க்கவும் பேசவும் வேறு ஒரு ஆள் கிடைத்திருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து முதல்முறையாக எனக்குக் கீழே ஒருத்தி நின்றாள். அது எனக்குச் சுகமாக இருந்தது. அதுதான் உண்மை.

தெரிந்துகொண்டாயே அம்மா, இனி மாறிவிடுவாய் என்று நீ சொல்வாய். உன் நல்ல மனசு அப்படி. ஆனால் சொட்டையைப் பார்த்து எல்லாம் புரிந்த அதே நாளில்தான் மேட்டைப் பழசுகளுக்கும் ஈரத்தைப் புதுசுகளுக்கும் பிரித்தேன். புரிவதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறோம் என்று சொன்னதும் என் மனசில் முதலில் வந்தது அந்தக் குழந்தையைப் பற்றிய கவலை இல்லை. நல்லவேளை, இனி அத்தைக்கு என்னைவிட்டு வேறு பராக்கு கிடைக்கும் என்றுதான் வந்தது. வந்த மறு நிமிஷம் எனக்கே பயமாகிவிட்டது. அதனால்தான் போனை அணைத்தேன். இந்த வயசில் அப்பா மாற மாட்டார். அத்தை மாற மாட்டாள். நானும் மாற மாட்டேன் கண்ணா. மாறுவேன் என்று உன்னிடம் சத்தியம் பண்ண ஆசையாக இருக்கிறது, பண்ணினால் நீ நம்பி வந்துவிடுவாய்.

அதனால் தேவராவில் ஒரு வீடு பார். காக்கநாட்டுக்கு அங்கிருந்து போவது சுலபம், அப்பாவிடம் அதையே காரணமாகச் சொல். கோபித்துக்கொள்வார், கொஞ்ச நாள் போன் எடுக்க மாட்டார். மருமகள் வந்து மகனைப் பிரித்துவிட்டாள் என்று அத்தை தெருவில் சொல்லுவாள். நாலு பேர் முன்னால் நானும் ஆமாம் போடுவேன், என்னைத் தெரியாதா உனக்கு. நீ எதையும் காதில் வாங்காதே, ஸ்வாதி காதிலும் போடாதே. புதுவீட்டுக் கதவைத் திறந்ததும் இஷாவை முதலில் உள்ளே அனுப்பு. எந்த அறை வேண்டும் என்று அவள் சொல்லட்டும். எந்தத் தட்டு என்று அவளே எடுக்கட்டும். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் போங்கள்.

நான் வருவேன். தோப்பும்படி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி மாசத்துக்கு ஒருமுறையாவது வந்து நிற்பேன். வராமல் என்னால் இருக்க முடியாது. வந்தால் எனக்கு ஒரு நாற்காலி போடு. ஒரு சாயா கொடு. இஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும், வரவில்லை என்றால் பாட்டிகிட்டப் போ என்று அவளைத் தள்ளாதே. வெயில் தாழ்ந்ததும் என்னைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடு. மழை கொட்டினாலும் தங்கச் சொல்லாதே. அப்பாவோடு சண்டை, இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று நான் பெட்டியோடு வந்து நின்று அழுதாலும், உள்ளே எடுக்காதே.